நான்கு குரலில் ஒரு படிவம்

எங்கள் பழைய இடத்தில் என்ன குறை என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது. கெய்ரோவில் ஆப்தீன் பக்கம், நான்காவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. அதற்குள் காவல்காரர் வெங்காய மூட்டை அடுக்கி வைத்திருந்தார். அறையில் ஒரு சாப்பாட்டு மேசை, அதில் ஒரு கால் குட்டை. மின்சாரத்துக்கு ஒரே ஒரு பிளக். மடிக்கணினியா, டீ கெட்டிலா என்று மணிக்கு ஒரு தரம் ஓட்டெடுப்பு நடக்கும். கெட்டில்தான் ஜெயிக்கும். அந்த அறையில் உட்கார்ந்துதான் பதினோரு வருடத்தில் ஆறு ரமலான் தொடர்கள் எழுதினோம். நோன்பு திறந்த கையோடு நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிற முப்பது பாகத் தொடர்கள்.

நாங்கள் என்றால் நான்கு பேர். எங்கள் வாத்தியார் வக்தி உஸ்தாத்தான் தலைமை, வயது அறுபத்தொன்று. இனாஸ் எங்களில் ஒரே பெண், நாக்கில் ஊசி வைத்திருப்பவள். மலாக் போலீஸ் காட்சி மட்டும் எழுதுவான். பேசுவதும் விசாரணைக் கைதி மாதிரி, கேட்டதற்கு மட்டும். நான்காவது ஆள் நான், ஃபிக்ரி. தட்டச்சு வேகம் அதிகம் என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன்.

வக்தி உஸ்தாத் எழுத மாட்டார், சண்டை போடுவார். புருஷன் பெண்டாட்டி காட்சி என்றால் அவர் புருஷன், இனாஸ் பெண்டாட்டி. அறைக்குள் நடந்துகொண்டே கத்துவார். அவள் திருப்பிக் கத்துவாள். நான் தட்டச்சு அடித்துக்கொண்டே இருப்பேன். அந்தக் கட்டடத்துக்கு நடுவில் கிணறு மாதிரி ஓர் இடைவெளி. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். இரண்டாம் மாடி தௌலத் அம்மாள் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டே எங்கள் தொடரைக் கேட்பாள். பிடிக்காவிட்டால் கரண்டியால் ஜன்னல் கம்பியில் தட்டுவாள்.

"ஏ எழுத்துக்காரங்களா, எந்தப் பொம்பளை புருஷன்கிட்ட 'என் இதயம் நொறுங்கிப்போச்சு'ம்பா? அவன் செருப்பை ஒளிச்சு வெப்பாளே தவிர இதயத்தைப் பத்தியா பேசுவா?"

அந்த வசனம் உடனே வெட்டப்படும். செருப்பு உள்ளே வரும். விமர்சகர்கள் மறுநாள் அந்தச் செருப்பை 'நுட்பமான குறியீடு' என்று எழுதுவார்கள்.

ஆறு தொடரிலும் திரையில் வந்த பெயர் எங்களுடையதல்ல. ஒப்பந்தம் வைத்திருந்த ஒரு பெரியவருடையது. எழுத்து எங்கள் கையில், பெயர் அவர் கையில். போன கோடையில் கண் மங்கி அவர் ஓய்வெடுத்துக்கொண்டதும், தயாரிப்பாளர் தலாத் பே, அதாவது தலாத் ஐயா, ஏழாவது தொடரை நேரடியாக வக்தி உஸ்தாத்திடம் கொடுத்தார். 'எழுத்து: வக்தி அப்துல் மலிக்' என்று முதல் தடவையாகத் திரையில் வரும். ஒப்பந்தத்தில் ஒரு விதியும் இருந்தது: ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாதம் பாதி கழிவதற்குள் இருபது பாகம் கைக்கு வராவிட்டால் நிறுவனம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அதை அவர் படித்ததாகவே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. இஸ்கந்தரியாவில் கட்டிக்கொடுத்த மகள் மாமியார் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, அப்பா கதை அளக்கிறார் என்று இனிமேல் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாளாம். அந்தச் செய்தியை எங்களிடம் மூன்று தரம் வாசித்துக் காட்டினார்.

அந்த வருடம்தான் தலாத் பேக்கு எழுத்தாளர்கள்மீது அக்கறை வந்தது.

நகரத்துக்கு வெளியே தகம்முவில், பாலைவனத்தின் விளிம்பில், ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. பெயர் வாஹா. சோலை என்று அர்த்தம். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. வடிவமைத்தவர் டாக்டர் நெவீன். 'படைப்பு மனமும் அது உட்காரும் இடமும்' என்பதில் பட்டம் வாங்கியவர். வாழ்க்கையில் ஒரு பக்கமும் எழுதியதில்லை என்பதால் இந்த விஷயத்தில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. திறப்பு விழாவன்று தலாத் பேயின் ஓட்டுநர் வழக்கப்படி வாசலில் ஒரு கன்றை அறுத்து, கண்ணுபடக் கூடாதென்று இரத்தத்தில் கையை முக்கி முன்கண்ணாடியில் ஐந்து விரலும் பதியவைத்தார். டாக்டர் நெவீன் பத்தே நிமிடத்தில் துடைக்கச் செய்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே வேலை செய்கிற கண்ணு அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

உள்ளே பேசக் கூடாது. எழுதுவதற்கு 'சிந்தனைக் கூடு' என்று ஆளுக்கு ஓர் அறை. கவனம் சிதறக் கூடாதென்று ஜன்னல் இல்லை, சுவர் முழுக்கச் சாம்பல் துணி. பேசியே ஆக வேண்டுமென்றால் 'உரையாடல் அறை' ஒன்று உண்டு, நான்கு பக்கமும் கண்ணாடி, சத்தம் வெளியே வராது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு வாரம் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். ஓட்ஸ் பிஸ்கட் இலவசம். வாசலில் பெரிய திரை. யார் பெயரில் இதுவரை எத்தனை பக்கம் ஏறியது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கூட்டுக்குள் விளக்கு தானாக எரியும், தானாக அணையும். ஆள் அசைந்தால் எரியும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஆள் இல்லை என்று முடிவு கட்டி அணைந்துவிடும். எழுத்தாளன் யோசிக்கும்போது அசைய மாட்டான் என்பதை அந்த விளக்குக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல வசனம் ஒன்று தொண்டைவரை வரும், சட்டென்று இருட்டு. கையைத் தூக்கி ஆட்டினால் வெளிச்சம் வரும், வசனம் போயிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருநாள் வக்தி உஸ்தாத்தின் கூட்டைத் திறந்தேன். கும்மிருட்டில் கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரோ என்று நினைத்தேன். தூங்கவில்லை. கை ஆட்டி ஆட்டித் தோள் வலிக்கிறது என்றார்.

ஆறு வாரத்தில் ஒன்றரை பாகம். வாசல் திரையில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எங்களுக்கு ஆச்சரியமில்லை. என்றைக்குமே அடிப்பவன் நான்தானே. ஆனால் திரைக்கு அது தெரியாது, திரையைப் பார்ப்பவர்களுக்கும் தெரியாது.

காப்பாற்றியது பஸ். ரம்சேஸ் சதுக்கத்திலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு பழைய மினிபஸ் எங்களை ஏற்றிக்கொண்டு போகும். சுற்றுச் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஓட்டுபவர் ஷஹாத்தா, கட்டை மீசை, மூன்று பெண்டாட்டியோடு வாழ்ந்து மூன்றிலும் தோற்றவர். ஒருநாள் ஒரு லாரிக்காரனோடு அவர் ஜன்னல் வழியே தொண்டை கிழியப் போட்ட சண்டை, லாரி போன பிறகும் பஸ்ஸுக்குள் சூடாக நின்றது. வக்தி உஸ்தாத் அப்படியே அதைக் கையில் எடுத்துக்கொண்டு இனாஸ் பக்கம் திரும்பினார். இரண்டாம் பாகத்துப் புருஷன் பிறந்துவிட்டான். அவள் கைப்பையைத் தூக்கி இருக்கையில் அடித்தாள். நான் மடியில் கணினியைத் திறந்தேன். ஷஹாத்தா கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வசனம் சரியில்லையென்றால் பிரேக்கை மிதிப்பார்.

"உஸ்தாத், இந்தாளு மன்னிப்புக் கேக்குறது பொய். நான் மூணு தடவை கேட்டிருக்கேன், எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேக்குறவன் முதல்ல சாப்பாடு நல்லாருக்கும்பான்."

இரண்டு மாதத்தில் பதினாறு பாகம். ஷஅபான் பாதிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது; மீதி நான்கு என்ன பிரமாதம் என்று வக்தி உஸ்தாத் விசில் அடித்துக்கொண்டு இறங்குவார். கட்டடத்துக்குள் நுழைந்ததும் என் கணினி இணைய வலையில் சேரும், காலையில் அடித்த பக்கம் எல்லாம் ஒரே மூச்சில் என் பெயரில் ஏறும். பத்தேகாலுக்கு வாசல் திரை குதிக்கும். டாக்டர் நெவீன் இதைக் கவனித்தார். வாஹாவுக்குள் காலடி வைத்த பத்தாவது நிமிடத்தில் படைப்பாற்றல் ஊற்றெடுக்கிறது என்று வரைபடம் போட்டு, வெளிநாட்டு மாநாடு ஒன்றில் கைதட்டு வாங்கி வந்தார். அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் கழிப்பறையில் வரிசையில் நின்றோம் என்பது வரைபடத்தில் இல்லை.

மாநாட்டிலிருந்து திரும்பிய கையோடு படிவம் வந்தது. வேலை இடம் பற்றி உங்கள் கருத்து. பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து எழுதுங்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிற காகிதத்தை எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பெயர் கேட்டால் சடங்கு. பெயர் வேண்டாம் என்றால் பொறி. படிவத்தைப் பஸ்ஸுக்கு எடுத்து வந்தோம். விளக்கு அணைகிறது என்று ஒரு வரியாவது எழுதலாமே என்றாள் இனாஸ். மலாக் வாயைத் திறந்து, கைரேகை பார்ப்பார்கள் என்றான். வக்தி உஸ்தாத் இருவரையும் கையமர்த்தினார். அவருக்கு அன்று நல்ல நாள்.

"ஃபிக்ரி, நாலு பேருக்கும் நீயே எழுது. நாலு குரல் வேணும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக் கூடாது. புகழுறதுல கஞ்சத்தனம் பண்ணாதே. பேக்கு மனசு குளிரணும், குளிர்ந்தா நம்மளை விட்டுருவாரு, நாம பாட்டுக்கு நம்ம வேலையைப் பார்க்கலாம்."

எழுதினேன். இனாஸுக்காக, நாற்காலியில் உட்கார்ந்தது முதல் முதுகுவலி பறந்து போன ஒரு பெண்ணின் குரல். மலாக்குக்கு, அறிக்கை நடையில்: மேற்படி அறையில் மேற்படி அமைதி திருப்திகரமாக உள்ளது. எனக்குக் கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் நன்றி. நான்காவது அவருடையது. என் வரைவைப் படித்துப் பார்த்து முகம் சுளித்தார். பென்ஷன் மனு மாதிரி இருக்கிறதாம், உப்பில்லையாம். எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரியை அவரே சொன்னார்: "இங்கே உட்கார்ந்தும் எழுத வராதவனுக்கு உலகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் எழுத வராது." ஷஹாத்தா மூன்று தரம் ஹாரன் அடித்தார். மலாக் கூடச் சிரித்தான். அந்த வருடம் நாங்கள் எழுதியதிலேயே குறையே இல்லாத பக்கம் அந்தப் படிவம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பத்து நாளில் பலன் கிடைத்தது. ஊழியர்கள் இவ்வளவு நேசிக்கும் இடத்துக்கு வருவதற்கு அவர்கள் தினமும் நான்கு மணி நேரம் சாலையில் வீணாக்குவது அநியாயம் என்று டாக்டர் நெவீன் கணக்கிட்டிருந்தார். ஆகவே பஸ் நிறுத்தப்பட்டது. ரமலான் வரை நாங்கள் வாஹாவிலேயே தங்கலாம். மூன்றாம் மாடியில் ஆளுக்கு ஓர் அறை, புதுப் போர்வை, சின்னப் பூச்செடி. வெள்ளிக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கலாம். ஷஹாத்தாவை ஒரு சிமென்ட் கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். சொந்தக் கார் யாரிடமும் இல்லை. போக மாட்டோம் என்று சொல்ல எங்களிடம் காரணமும் இல்லை. காரணத்தைத்தான் நான்கு குரலில் மறுத்து எழுதிக் கொடுத்திருந்தோமே.

பதினாறு பதினாறாகவே நின்றது. வக்தி உஸ்தாத் தனியாக எழுதிப் பார்த்தார். இரண்டு விரலால் நாள் முழுக்க அடித்து ஒரு பக்கம் முடிப்பார், மாலையில் அழிப்பார். நடைபாதையில் சண்டை போட்டுப் பார்த்தோம். அமைதி காக்கச் சொல்லி ஒரு பெண் குரல் கூரையிலிருந்து கேட்டது. கடைசியில் உரையாடல் அறையைப் பதிவு செய்தோம். ஒரு வாரம் காத்திருந்து உள்ளே போனோம். வக்தி உஸ்தாத்துக்கு அன்று வசனம் வந்தது, நிஜமாகவே வந்தது. புருஷன் விவாகரத்துச் சொல்லும் காட்சி. மேசையில் ஓங்கிக் குத்தினார். இனாஸ் சுவரோடு சாய்ந்து அழுதாள், அவ்வளவு நன்றாக அழுதாள். நான் நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே போகாது, படம் மட்டும் போகும். வெளியே நின்ற காவலாளி பார்த்தது இதுதான்: ஒரு கிழவன் ஒரு பெண்ணை நோக்கிக் கையை ஓங்குகிறான், அவள் அழுகிறாள், மூன்றாமவன் கண்டுகொள்ளாமல் கணினியில் விளையாடுகிறான். கதவை உடைக்காத குறையாகப் பாய்ந்து வந்து வக்தி உஸ்தாத்தின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தான்.

இது நடிப்பு, தொடருக்காக என்று இனாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அடிவாங்கும் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவனுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது: பெண் ஊழியரிடம் அநாகரிகமாக நடந்துகொண்டதற்காக. அந்தக் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குரல் உயரவில்லை. ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்லக்கூட யோசித்தார்.

ஷஅபான் பதினைந்து. அந்த விவாகரத்துக் காட்சியை வைத்து ஒட்டுப்போட்டதையும் சேர்த்து, பதினேழு பாகம் இருந்தது. தலாத் பேயின் அறைக்கு நான்கு பேரையும் கூப்பிட்டார்கள். பேக்குப் பக்கத்தில் டாக்டர் நெவீன், கையில் ஒரு கோப்பு. பே மிகுந்த வருத்தத்தோடு இருந்தார். அவர் முகத்தில் வருத்தம் நல்ல துணியில் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். எழுத்தாளனுக்கு ஒரு தகப்பன் செய்யாததைச் செய்தேன், இடம் கொடுத்தேன், குளிர் கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன் என்றார். பிறகு திரையின் கணக்கைப் படித்தார். ஃபிக்ரி, ஐந்நூற்றுப் பதினெட்டு பக்கம். வக்தி, பூஜ்யம்.

இனாஸுக்குப் பொறுக்கவில்லை. அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தது, ஃபிக்ரி அடித்தான், அவ்வளவுதான் என்றாள். "பே, உருப்படியா ஒரு வரி கூட இந்தக் கட்டடத்துல எழுதலை. பஸ்ல எழுதினோம். நீங்க பஸ்ஸை நிறுத்தினீங்க, தொடர் நின்னுபோச்சு."

பே சிரிக்கவில்லை. டாக்டர் நெவீனைப் பார்த்தார். அவர் கோப்பைத் திறந்து, பெயரில்லாத நான்கு காகிதங்களை எடுத்து வைத்தார். பே ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். முதுகுவலி பறந்தது. மேற்படி அமைதி திருப்திகரமாக உள்ளது. நான் எழுதிய வசனத்தை அவ்வளவு நன்றாக யாரும் பேசிக் கேட்டதில்லை. நான்காவதை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசி வரியை இரண்டு தரம் படித்தார்.

"இங்கே உட்கார்ந்தும் எழுத வராதவனுக்கு உலகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் எழுத வராது. நான் சொல்லலை வக்தி. உங்க கூட உக்காந்து வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தர் சொல்றாரு."

வக்தி உஸ்தாத் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"நல்ல வரி, பே," என்றார் மெதுவாக. "எழுதினவனைக் கண்டுபிடிச்சா விடாதீங்க. வேலைக்கு வெச்சுக்கங்க."

பே என் பக்கம் திரும்பினார். இனாஸ் உணர்ச்சிவசப்படுகிற பெண், மலாக் பேச மாட்டான், நீ நிதானமான ஆள், நீ சொல் என்றார். பஸ்ஸில் எழுதினீர்களா?

நான் ஆம் என்று சொன்னால் படிவம் பொய் என்றாகும், எழுதியவன் நான். இல்லை என்றால் பதினோரு வருடம் பொய் என்றாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன். வசன எழுத்தாளனுக்கு அது கைவந்த கலை.

"பஸ்ல பேசிக்கிட்டு வருவோம் பே, வழித்துணைக்கு. குறிப்பு மாதிரி. எழுத்துன்னு பார்த்தா, இங்கதான்."

இனாஸ் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வக்தி உஸ்தாத் பார்க்கவே இல்லை. எழுந்து, நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு, கதவுவரை போனார். கண்ணாடிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்கு அன்றுவரை பழகவில்லை. தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். நான்தான் எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.

அன்று பிற்பகலே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பதினேழு பாகத்தையும் இந்த நிறுவனத்தின் கணினியில் தட்டச்சு செய்தவன் நான் என்று அதில் இருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெயர் போகாமலிருக்க வக்தி உஸ்தாத் எழுத்தாளர் சங்கத்தில் முறையிட்டார். என் தாளைக் காட்டினார்கள், முடிந்தது. இனாஸ் விலகி, நெய் விளம்பரத்துக்கு எழுதப் போய்விட்டாள். கடைசியாகப் பேசியபோது, உஸ்தாத் போனை எடுப்பதில்லை, இஸ்கந்தரியாவுக்கும் போவதில்லை என்று மட்டும் சொன்னாள். மகள் வந்து கூப்பிட்டும் போகவில்லையாம். என்ன முகத்தோடு போவார் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மீதிப் பதின்மூன்று பாகத்தை நான் கூட்டுக்குள் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கையை ஆட்டி எழுதி முடித்தேன். பாத்திரங்கள் எல்லாரும் இதயம் நொறுங்கினார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்பதைத் தவிர.

ரமலான் முதல் நாள். நோன்பு திறந்து, பருப்புச் சூப்பும் அடைத்த குடமிளகாயும் மேசையில் இருக்கும்போதே என் மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். அவள் தம்பிமார் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். என் பெயர் வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பே என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். பெயர் வரும்போது தெரியட்டும் என்று மைத்துனன் மனைவி ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கி மடியில் நிறுத்தினாள்.

பாட்டு வந்தது. நடிகர் பெயர்கள் வந்தன. அப்புறம், கண்ணாடிச் சுவரில் மாலை வெயில் மின்ன, ஒரு கட்டடம் திரை நிறைய எழுந்து நின்றது. கீழே பொன் எழுத்தில்: 'எழுத்து: வாஹா.' தொடர்ந்து இயக்குநர் பெயர் ஓடியது.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு, வேகமாகப் போய்விட்டதோ, கடைசியில் வருமோ என்று கேட்டாள். மூத்த மைத்துனன் நல்ல மனிதன், பேச்சை மாற்றத் தெரிந்தவன்.

"கட்டடம் ரொம்ப அழகா இருக்கு மாமா. அங்கேயா வேலை பார்க்குறீங்க?"

"ஆமாம்பா," என்றேன். "நாற்காலி ரொம்ப வசதி."